பதினேழு முதல் முப்பத்திரண்டு வரை

கல்லூரியிலிருந்து கடிதம் வந்தபோது பைண்டரின் இரண்டு கையிலும் பசை. "யாராவது வாங்கி வைங்கப்பா" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அந்த வீட்டில் பகல் பதினொரு மணிக்கு இருக்கிற 'யாராவது' என்பது அவர் மனைவி ஒருத்திதான். அவளுக்கு முழங்கை வரைக்கும் பசை. கடிதம் கொண்டுவந்த பியூன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உறையை ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுக் கையெழுத்துக்கு நோட்டை நீட்டினார். பைண்டர் ஒற்றை விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நோட்டின் அந்தப் பக்கம் அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. பியூன் அதைப் பிரித்துக்கொண்டே, வாய்க்குள் எதையோ திட்டிக்கொண்டே மழையில் இறங்கிப் போனார்.

நாலு நாளாக விடாத மழை. பைண்டிங் தொழிலுக்கு மழையைப் போல ஒரு தொல்லை கிடையாது. பசை காயாது, அட்டை வளையும், வெட்டு மெஷினில் வைத்தால் தாள் பிசிறடிக்கும். முன்னறை முழுக்கப் பள்ளிக்கூட நோட்டுகள் தலையில் செங்கல் சுமந்துகொண்டு கிடந்தன. ஒரு மூலையில் வெட்டு மெஷின், இன்னொரு மூலையில் பின் அடிக்கிற மெஷின், நடுவில் பெரிய இரும்புக் கட்டில். ராத்திரி அது புருஷனும் பெண்டாட்டியும் படுக்கிற கட்டில்; பகலில் ஃபாரம் சேர்க்கிற மேஜை. ஃபாரம் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அச்சகத்திலிருந்து வருகிற அகலத் தாளை மூன்று தடவை மடித்தால் பதினாறு பக்கம், அதுதான் ஒரு ஃபாரம். வரிசையாக அடுக்கிவைத்துக் கட்டிலைச் சுற்றி நடந்து, அடுக்குக்கு ஒன்றாக எடுத்துச் சேர்த்தால் புத்தகம். இப்படி நடந்த நடையில் பைண்டரின் மனைவி ஊரையே நூறு சுற்றுச் சுற்றியிருக்கலாம்.

மத்தியானம் கையைக் கழுவிவிட்டு அவள்தான் உறையைப் பிரித்துப் படித்தாள். வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவியான தங்கள் மகள், முன் அனுமதியின்றிக் கல்லூரி வளாகத்தில் கையெழுத்துத் திரட்டியதன் மூலம் நடத்தை விதி 23ஐ மீறியுள்ளார். வரும் புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் பெற்றோருடன் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முன் ஆஜராக வேண்டும். குற்றம் உறுதியானால் இரண்டு வாரம் இடைநீக்கம்.

"புதன்னா நாளன்னைக்குங்க" என்றாள்.

"இடைநீக்கம்னா?"

"கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க."

"திங்கக்கிழமை பிராக்டிகல் பரீட்சைன்னு சொல்லிக்கிட்டிருந்தாளே."

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

பிராக்டிகல் போனால் அந்த வருஷமே போனது. அது தெரிய இரண்டு பேரும் கல்லூரி வாசலை மிதித்திருக்க வேண்டியதில்லை. பைண்டர் மறுபடி பசைச் சட்டிக்குப் போனார். ஒரே நோட்டுக்கு இரண்டு அட்டை ஒட்டினார்.

சாயங்காலம் மகள் நனைந்து வந்தாள். துவட்டக்கூட விடவில்லை.

"எதுக்குடி கையெழுத்து வாங்கினே?"

"தாழ்ப்பாளுக்குப்பா."

"என்ன தாழ்ப்பாள்?"

"லேப் பக்கத்துல பொண்ணுங்க கக்கூஸ் இருக்குல்ல, அதுல தாழ்ப்பாள் கழண்டு விழுந்து எட்டு மாசம் ஆச்சு. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். ஆபீஸ்ல போய்ச் சொன்னோம். எழுதிக் குடுன்னாங்க. எழுதிக் குடுத்தேன். நீ ஒருத்தி சொன்னா ஆச்சா, எல்லாரும் சொல்லணும்னாங்க. சரின்னு எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கினேன். நூத்தி நாப்பத்தி மூணு. போன வாரம் கொண்டுபோய்க் குடுத்தேன். இப்ப எதுக்குக் கையெழுத்து வாங்கினேங்கறாங்க."

"அனுமதி கேட்டுட்டு வாங்கித் தொலைச்சிருக்கலாம்ல?"

"அதுக்கும் லெட்டர் குடுத்தேம்ப்பா. மூணு வாரமா பதிலே இல்ல."

"எட்டு மாசமா ஒரு தாழ்ப்பாள்!" பைண்டருக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "என்கிட்ட சொல்லியிருந்தா நானே வாங்கிட்டு வந்து நாலு ஸ்க்ரூ போட்டு மாட்டியிருப்பேனே. அஞ்சு நிமிஷ வேலை."

"மாட்டக் கூடாதுப்பா. அனுமதி இல்லாம கல்லூரிச் சொத்துல ஆணி கூட அடிக்கக் கூடாது. பத்தொன்பதாவது விதி."

"பத்தொன்பதாவது விதின்னு உனக்கு எப்படி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள்.

அந்தக் கதையை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். கல்லூரியின் மாணவர் கையேட்டை வருஷா வருஷம் பைண்டிங் செய்வது இந்த வீடுதான். தொள்ளாயிரம் பிரதி, பிரதிக்கு மூன்று ஃபாரம். முதல் பதினாறு பக்கம் கல்லூரியின் வரலாறும் ஆசிரியர் பட்டியலும். பதினேழிலிருந்து முப்பத்திரண்டு வரை நடத்தை விதிகள். மிச்சம் விடுமுறைப் பட்டியலும் குறிப்பு எழுதிக்கொள்ள வெற்றுப் பக்கங்களும். இந்த வருஷம் கல்லூரி திறப்பதற்கு முந்தின நாள், சுற்றிச் சுற்றி ஃபாரம் சேர்க்க ஆரம்பிக்கிற நேரத்தில் பைண்டர் மனைவியின் அண்ணன் வந்து சேர்ந்தார். பஸ் டிப்போவில் டைம் கீப்பர், பருத்த உடம்பு, நின்றுகொண்டு பேசத் தெரியாதவர். அவர் உட்காரக் கட்டிலில் இடம் வேண்டுமே என்று நடு அடுக்கு அத்தனையையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். அவர் ஒரு மணி நேரம் பேசிவிட்டு எழுந்து போனார். அடுக்கு மட்டும் மேலே வரவில்லை. மிச்சம் இருந்த இரண்டையும் சேர்த்து, பின் அடித்து, அட்டை ஒட்டி, ஓரம் வெட்டி, மறுநாள் காலை ஆறு மணிக்கு வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பத்து நாள் கழித்துக் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது துடைப்பம் முட்டி நின்றது.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பைண்டர் சொல்லவில்லை. "அதை எவன் பிரிச்சுப் பாக்கப் போறான்? டீ கிளாஸ் வைக்கத்தான் ஆகும்" என்றார். அவர் சொன்னதுபோலவே எட்டு மாதமாக ஒருவரும் கேட்கவில்லை. பிரதி வாங்கும்போதே மாணவர்கள் அத்தனை பேரும் '17 முதல் 32 வரையான பக்கங்களை முழுமையாகப் படித்துப் புரிந்துகொண்டேன்' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இந்தக் கல்லூரியில் அந்தப் பக்கங்களை நிஜமாகவே படித்தவள் பைண்டரின் மகள் ஒருத்திதான். அவள்தான் அந்த ஃபாரத்தை மடித்தாள். மடிக்கச் சொன்னால் படிக்கிறாளே என்று அப்பாவிடம் திட்டும் வாங்கினாள்.

"இருபத்தி மூணுல என்ன இருக்கு?" என்று அம்மா மெல்லக் கேட்டாள்.

"அனுமதி வேணும்னுதான் இருக்கு. ஆனா இருபத்தி ஏழுல, விசாரணைக்கு ஏழு நாள் முன்னாடி எழுத்துல சொல்லணும்னு இருக்கு. பொண்ணை விசாரிச்சா கமிட்டியில ஒரு மேடமாவது இருக்கணும். இருபத்தொம்பதுல, மாணவங்க எழுதிக் குடுக்கற புகாருக்குப் பதினஞ்சு நாள்ல பிரின்சிபால் எழுத்துல பதில் சொல்லணும்."

"அப்ப ரெண்டு நாள் முன்னாடி லெட்டர் அனுப்பினது செல்லாது. அதைப் போய்ச் சொல்லு."

"எங்க இருக்கு காட்டுன்னு கேப்பாங்கம்மா."

பைண்டர் தேய்ந்த பிரஷ்ஷிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கி எறிந்தார். கல்லூரி வேலை போனால் அச்சகத்து வேலையும் போகும். தொள்ளாயிரம் புத்தகத்தில் பக்கத்தை விட்டவன் என்ற பேர் ஒன்று போதும், எவனும் தாள் தரமாட்டான். இது மகளுக்கும் தெரியும். கட்டிலுக்கு அடியில் இருப்பதில் ஒன்றைத் தா என்று அவள் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை டைம் கீப்பர் வந்தார். யார் சொல்லி வந்தாரோ. வந்தவர் நேராகக் கட்டிலில் உட்கார்ந்தார். அவர் கால் அந்த ஃபாரக் கட்டுகளில் இடித்தது, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"கால்ல விழுந்துடும்மா. அவ்வளவுதான் விஷயம்."

"யார் கால்ல மாமா?"

"யார் உக்காந்திருக்காங்களோ அவங்க கால்ல. எங்க டிப்போல ஒருத்தன் வண்டியைக் கொண்டுபோய் செவுத்துல விட்டான். விசாரணை வச்சாங்க. உள்ள போனான், விழுந்தான், வெளிய வந்தான். முடிஞ்சுது."

"அவன் செவுத்துல விட்டான் மாமா. நான் தாழ்ப்பாள்தானே கேட்டேன்?"

"இந்த வாய்தான் உனக்கு எதிரி. மாப்பிள்ளை, நீங்க சொல்லக் கூடாதா?"

"நான் என்னத்தைச் சொல்ல" என்றார் பைண்டர். "நீங்க கொஞ்சம் எந்திரிங்க மச்சான், ஃபாரம் சேக்கணும்."

"இருக்கட்டும், அதை அப்படிக் கீழ தள்ளி வையுங்க" என்றார் டைம் கீப்பர். பைண்டர் மனைவி அவசர அவசரமாக உள்ளே போய் நாற்காலி எடுத்துக்கொண்டு வந்து போட்டாள்.

புதன்கிழமை மூன்று பேரும் ஒரே குடையில் போனார்கள், மூன்று பேருமே நனைந்தார்கள். பதினொரு மணி விசாரணை பன்னிரண்டேகாலுக்கு ஆரம்பித்தது. நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் குழுத் தலைவரான வணிகவியல் பேராசிரியர், ஒரு பக்கம் விளையாட்டு ஆசிரியர், இன்னொரு பக்கம் நூலகர். மூன்று பேரும் ஆண்கள். ஓரமாக ஆபீஸ் கிளார்க் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தார்.

"தப்பை ஒத்துக்கறியாம்மா?" என்றார் தலைவர். குரல் கடுமையாக இல்லை, சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்ட குரலாக இருந்தது.

"சார், ஏழு நாள் முன்னாடி லெட்டர் வந்திருக்கணும். திங்கக்கிழமைதான் வந்துது. அப்புறம், கமிட்டியில ஒரு மேடம் இருக்கணும்."

"யார் சொன்னது?"

"விதி இருபத்தி ஏழு சார்."

தலைவர் கையேட்டை எடுத்துப் புரட்டினார். பதினாறாம் பக்கம் வந்தது, அடுத்தது முப்பத்தி மூன்று. விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு பின்னால் போய் மறுபடி முன்னால் வந்தார். நூலகர் தன் பிரதியைப் பார்த்தார். விளையாட்டு ஆசிரியர் தன்னுடையதைப் பிரிக்கவே முடியாமல் திணறினார். ஓரத்தில் வழிந்த பசையில் பக்கங்கள் ஒட்டியிருந்தன. எட்டு மாதத்தில் முதல் தடவையாகப் பிரிக்கிறார்.

"என்னய்யா இது, விதியே இல்ல? நீங்க லெட்டர்ல இருபத்தி மூணுன்னு எப்படிப் போட்டீங்க?" என்று தலைவர் கிளார்க்கைக் கேட்டார்.

"போன வருஷ லெட்டர்ல பேரை மட்டும் மாத்தினேன் சார்."

தலைவர் சங்கடத்தை மாணவி பக்கம் திருப்பினார். "உன் புத்தகத்துல அந்தப் பக்கம் இருக்கா?"

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை. "இல்ல சார்."

"பின்ன எப்படித் தெரியும்?"

அவள் மேஜையில் கிடந்த கையேட்டையே பார்த்தாள்.

"வாய்க்கு வந்ததை எல்லாம் விதின்னு சொல்றியா? எழுதிக்கோங்க. குழுவைத் தவறா வழிநடத்தப் பாத்ததா ஒரு குற்றம் சேத்துக்கோங்க."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அம்மா அந்த உதட்டைப் பார்த்தாள், அப்புறம் புருஷனைப் பார்த்தாள். பைண்டருக்குப் புரிந்தது. மூன்று வார்த்தை சொன்னால் தப்பித்துவிடுவாள், தனக்காக அதை விழுங்கிக்கொண்டு நிற்கிறாள். பெற்ற பெண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு அசிங்கம் உண்டா என்று நினைத்தார். எழுந்தார்.

"அரை மணி நேரம் குடுங்க சார். அந்தப் பக்கத்தைக் கொண்டுவரேன்."

"அப்பா, வேண்டாம்ப்பா" என்றாள் அவள். அவர் அதற்குள் படியில் இறங்கிவிட்டார்.

அந்த அரை மணி நேரத்தில் குழு தேநீர் வரவழைத்துக் குடித்தது. தாயும் மகளும் வராந்தாவில் நின்றார்கள். தாய்க்கு அவசரம். லேப் பக்கத்தில் இருக்கிற அந்த இடத்துக்குத்தான் மகள் கூட்டிக்கொண்டு போனாள், வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழைக் காற்றுக்குக் கதவு உப்பிப்போய்ச் சட்டத்தில் உட்காராமல், விட்டால் திறந்து சுவரில் அடித்தது. எவனோ ஒரு பையன் அந்தப் பக்கமாகப் போனான். மகள் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள்.

வெளியே வந்த தாய் நேராகக் குழு அறைக்குப் போனாள். யாரும் கூப்பிடவில்லை.

"ஐயா, இவ எதுக்குக் கையெழுத்து வாங்கினான்னு கேட்டீங்களா? நான் இப்பதான் போயிட்டு வரேன். உங்க மூணு பேர்ல யாராவது ஒருத்தர் போய் அந்தக் கதவுக்குப் பின்னாடி ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டு வாங்க. அப்புறம் என் பொண்ணுகிட்ட ஒழுக்கத்தைப் பத்திப் பேசுங்க."

விளையாட்டு ஆசிரியர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். நூலகர் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்போது பைண்டர் வந்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார், நெஞ்சோடு அணைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த கட்டு மட்டும் நனையவில்லை. மேஜைமேல் வைத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

"இதுல நூறு இருக்கு. பதினேழுலருந்து முப்பத்திரெண்டு வரைக்கும். மிச்சம் எட்டுக் கட்டு என் கட்டிலுக்கு அடியில இருக்கு சார். இந்தப் புத்தகத்தைக் கட்டினவன் நான்தான். சேக்கும்போது இந்த ஃபாரத்தை விட்டுட்டேன். அப்புறம் தெரிஞ்சும் சொல்லல. தப்பு என்னுது. அவ படிச்சது மடிக்கும்போது. அவ பொய் சொல்லல."

தலைவர் ஒன்றை எடுத்துப் படித்தார். விதி இருபத்தி ஏழுக்கு வந்தபோது மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். ஏழு நாள் இருந்தது, பெண் உறுப்பினர் இருந்தது, எல்லாம் அவள் சொன்னபடியே இருந்தது.

"இந்த வருஷம் எத்தனை பேருக்குத் தண்டனை குடுத்திருக்கோம்?" என்று கிளார்க்கிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பதினோரு பேருக்கு சார்."

"அத்தனை பேருக்கும் ரெண்டு நாள் லெட்டர்தானா?"

"சில பேருக்கு ஒரு நாள் சார்."

தலைவர் கையேட்டை மூடினார். "இன்னைக்கு விசாரணை நடக்கல. லெட்டர் வாபஸ். நீ போய்ப் பரீட்சைக்குப் படிம்மா." பைண்டர் பக்கம் திரும்பியபோது குரல் மாறிவிட்டது. "அடுத்த வாரத்துக்குள்ள தொள்ளாயிரம் புத்தகமும் சரியா வரணும். அதோட சரி. அடுத்த வருஷம் இந்த வேலை உங்களுக்குக் கிடையாது."

"சரிங்க சார்" என்றார் பைண்டர். வாசலில் மகள் குடையை விரித்தாள். "ஒரு தாழ்ப்பாளுக்கு எவ்வளவு பாடு" என்று மனைவி பெருமூச்சு விட்டாள். மகள் அப்பாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் உதறவில்லை.

புத்தகங்கள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. அட்டையை உரித்து, பின்னைக் கழற்றி, நடுவில் ஃபாரத்தைச் செருகி, மறுபடி பின் அடித்து, அச்சகத்தில் கெஞ்சி வாங்கிவந்த புது அட்டையை ஒட்டி, மறுபடி ஓரம் வெட்ட வேண்டும். ஒரு தடவை செய்த வேலையை இன்னொரு தடவை செய்வதைப் போல அலுப்பு வேறு கிடையாது. அதைவிட அவரை வாட்டியது ஒன்று. திரும்பி வந்த புத்தகங்களில் முக்கால்வாசி, அவர் கொடுத்தபோது எப்படி ஒட்டியிருந்தனவோ அப்படியே இருந்தன.

"ஒருத்தன் கூடப் பிரிக்கல பாரு" என்றார்.

"நீங்கதானே சொன்னீங்க, எவன் பிரிக்கப் போறான்னு?" என்றாள் மனைவி.

"சொன்னேன். அதுக்காக நிஜமாவே பிரிக்காம இருப்பாங்களா?"

திங்கட்கிழமை மகள் பிராக்டிகல் எழுதிவிட்டு வந்தாள். விரல் நுனியெல்லாம் அமிலம் பட்டு மஞ்சள். "உப்பைக் கண்டுபிடிச்சுட்டேன்ப்பா" என்றாள். அவருக்கு அது என்ன உப்போ புரியவில்லை, சிரித்தார். அன்றைக்கு ஃபாரம் செருகும்போது அவரே ஒன்றைப் பிரித்து முதல் விதியிலிருந்து கடைசி விதி வரை படித்தார். பசை காய்ந்தது. மனைவி வேறு பசை காய்ச்சினாள்.

வியாழக்கிழமை தொள்ளாயிரமும் ஆபீஸ் போய்ச் சேர்ந்தது. கிளார்க் மேலே இருந்த புத்தகத்தை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, மேஜையில் வைத்து, அதன்மேல் டீ கிளாஸை வைத்தார். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

பைண்டர் டீ கிளாஸைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

"பிரிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"இருக்குமய்யா. இந்தத் தடவை விட்டிருக்க மாட்டீங்க."

"இருக்கான்னு பாருங்க. போன தடவை நீங்களும் பாக்கல, நானும் பாக்கல."

கிளார்க் சலித்துக்கொண்டே பிரித்தார். பதினேழு இருந்தது, பதினெட்டு இருந்தது. "போதுமா?"

"முப்பதாம் பக்கம் வாங்க. அதுல இருபத்தொம்பதாவது விதியைப் படிங்க. சத்தமா."

கிளார்க் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பின்னால் ஃபீஸ் கட்ட நின்ற மாணவர்களும் எட்டிப் பார்த்தார்கள். "மாணவர்கள் எழுத்து மூலம் அளிக்கும் புகார்களுக்கு முதல்வர் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் அளிக்க வேண்டும்" என்று படித்தார். "இப்ப என்ன அதுக்கு?"

"நூத்தி நாப்பத்தி மூணு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு தாழ்ப்பாள் கேட்டிருந்தாங்க. நேத்தோட பதினஞ்சு நாள் முடிஞ்சுது. பதில் எங்க?"

"அதெல்லாம் பிரின்சிபாலைத்தான் கேக்கணும். அவர் மீட்டிங்ல இருக்கார். சாயங்காலம்தான் வருவார்."

"வரட்டும்" என்றார் பைண்டர். வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வரும் வழியில் வாங்கிய தாழ்ப்பாள் சட்டைப்பையில் நாலு ஸ்க்ரூவோடு இடித்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.